மாற்றம் சரியென்று தெரிந்தும் மனம் ஏன் முரண்டு பிடிக்கிறது? செய்யும் வேலையில் ஈடுபாடு திரும்ப வருமா?

கல்குளத்து எழுத்தர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். ஓய்வு பெற இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது. என் நிலையைச் சற்று விரித்துச் சொன்னால்தான் கேள்வி விளங்கும் என்பதால் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

நாடு முழுவதும் 63,000 தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் தொடர்ச்சியாக எங்கள் சங்கத்திலும் உறுப்பினர் பதிவேடு, பங்குத்தொகை, பயிர்க்கடன், நகைக்கடன், உரக்கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தணிக்கையின்போது ஐந்து பதிவேடுகளைப் புரட்டித் தேட வேண்டிய ஒரு விவரம் இப்போது நொடியில் கிடைக்கிறது; உறுப்பினர்களும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு முன் பேரேடு என் பொறுப்பில் இருந்தது. எங்கள் பகுதியில் ஒரே பெயர் கொண்ட உறுப்பினர்கள் ஏராளம். தங்கப்பன் என்றோ செல்லம்மாள் என்றோ பலர் இருப்பார்கள். தகப்பன் பெயரும் சேர்ந்து ஒத்துப்போகிற இடங்களும் உண்டு. அவர்களை விளையின், அதாவது தோப்பு நிலத்தின், பெயரைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும். ஒருவர் மாவிளை, அடுத்தவர் பலாவிளை, மூன்றாமவர் வாய்க்காலை ஒட்டிய பனவிளை. அடமானத்துக்கு வருகிற பழைய மூலப்பத்திரங்கள் திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தவை என்பதால் மலையாள எழுத்தில், கேரள மரபில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். என் தகப்பனார் எனக்கு மலையாளம் படிக்கக் கற்றுத் தந்திருந்தார். ஆகவே பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல என்னைத்தான் அழைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் பருவங்களுக்கும் கடன் கேட்டு வருகிற கூட்டத்தில் யாருடைய நிலுவை எவ்வளவு, யார் சென்ற பருவத்தில் வெள்ளத்தில் நெல்லை இழந்தவர் என்பதெல்லாம் பேரேட்டைத் திறக்காமலே எனக்குத் தெரியும்.

இப்போது இளைஞர் ஒருவர் பதிவிடுகிறார். அவர் பதிந்ததைத் திரையில் பார்த்து நான் சரியென்று ஒப்புதல் தருகிறேன். நாகர்கோவிலில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்தேன். கற்றுக்கொள்வதும் கடினமாக இல்லை. ஆயினும் காலையில் திரைக்கு முன்னால் அமர்ந்ததும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது. யாரும் கேட்காமலேயே மாலையில் அன்றைய வரவு செலவைக் கணக்கு நோட்டில் கையால் எழுதி வைக்கிறேன். மதியத்துக்குப் பிறகு எப்போது ஐந்து மணி ஆகும் என்று கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. முன்பு எனக்கு அப்படி இருந்ததில்லை.

விருப்ப ஓய்வு வாங்கிவிடும்படி கணவர் சொல்கிறார். போகப் போகப் பிடித்துவிடும் என்று மகள் சொல்கிறாள். வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை. பிடித்துவிடும் என்று காத்திருந்ததிலும் பலன் தெரியவில்லை. என்னுடைய கேள்விகள் இரண்டு. அறிவு முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரு மாற்றத்தை மனம் இவ்வளவு பிடிவாதமாக மறுப்பது எதனால்? இந்த வேலையிலேயே இருந்துகொண்டு, பழைய ஈடுபாட்டைத் திரும்பப் பெற உண்மையில் வழி உண்டா? தியானம் செய்யுங்கள், நேர்மறையாக எண்ணுங்கள் என்பன போன்ற பொதுவான ஆறுதலைத் தவிர்த்து, அனுபவத்தில் கண்டதையோ ஆராய்ந்து அறிந்ததையோ சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குலசேகரம் தோட்டப் பயிற்சியாளர் எழுதியது:

அக்கா, வணக்கம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுவோருக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. அலுவலக வேலையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்றாலும், கைத்திறன் மிக்கவர்கள் மாற்றத்தை எதிர்க்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது வழக்கம். வெட்டுவதற்கு ஆள் கிடைக்காத நிலை வந்ததால் வாரம் ஒருமுறை மட்டும் வெட்டும் முறைக்குச் சில தோட்டங்களை மாற்றத் தொடங்கினோம். எத்தஃபான் என்ற ஊக்கியை 2.5 சதவீத அளவில் குறிப்பிட்ட இடைவெளிகளில் பட்டையில் பூசினால், ஆண்டுக்கு 52 வெட்டுகளைக் கொண்டே நல்ல விளைச்சல் எடுக்கலாம். பட்டையும் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும். இந்தக் கணக்கை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் மிகத் தேர்ந்த வெட்டுக்காரர்களே மிகக் கடுமையாக எதிர்த்தார்கள். மருந்து பூசினால் மரம் வற்றிப்போகும் என்று சொன்னார்கள். அளவு மீறிப் பூசினால் அது உண்மையும்கூட.

அவர்களோடு விடியலுக்கு முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நடந்து பேசியபோதுதான் வேறொன்று தெரிந்தது. ஒரு வெட்டுக்காரரின் பொறுப்பில் சுமார் 300 மரங்கள் இருக்கும். எந்த மரம் இளைத்திருக்கிறது, எதற்கு ஓய்வு தர வேண்டும், எதில் கத்தியை மெதுவாக இழுக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்து வந்தார். உள்ளே இருக்கிற வளர்திசுவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழுந்து பட்டை முண்டுமுண்டாக வளரும். இருட்டில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையால் அறிகிறவரிடம், இனி எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்று ஒரு தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தால், நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய தீர்ப்பை. மருந்தைப் பற்றிய பேச்சு அதற்கு மேல் போர்த்திய துணி.

பின்னர் வேறு வகையில் தொடங்கினோம். எந்தப் பகுதி மரங்களில் முதலில் செய்து பார்ப்பது என்பதை வெட்டுக்காரரே தேர்ந்தெடுத்தார். பாலை அவரே நிறுத்து, அதில் எத்தனை பங்கு உலர் ரப்பர் தேறுகிறது என்பதையும் அவரே குறித்து வந்தார். இளைத்த மரத்தை அட்டவணையிலிருந்து நீக்கும் உரிமையும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மாறாமல் வேறு தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் மாறியவர்கள் இன்று தாங்களே மற்றவர்களுக்கு அந்த முறையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். மென்பொருள் உங்களிடமிருந்து எழுத்து வேலையை எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி உங்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கூடவே, இவர் மாவிளைத் தங்கப்பன், அவர் பனவிளைத் தங்கப்பன் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த இடம் புதிய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், வடசேரி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நாகர்கோவிலில் கல்லூரி ஒன்றில் மேலாண்மைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தோட்டத்து நண்பர் அனுபவத்தால் கண்டறிந்ததற்கு ஆராய்ச்சியிலும் வலுவான ஆதாரம் உண்டு என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

உங்களுடைய முதல் கேள்விக்கு மிகப் பொருத்தமான விடையை அளித்தவர் குர்ட் லெவின் என்ற உளவியலாளர், 1947இல் மறைந்தவர். மனிதரின் நடத்தை ஒரு நிலையில் நிற்கிறது என்றால், முன்னோக்கித் தள்ளும் விசைகளும் தடுத்து நிறுத்தும் விசைகளும் அங்கே சமமாக இருக்கின்றன என்பது அவருடைய பார்வை. தள்ளும் விசையைக் கூட்டினாலும் நகர்வு வரும். ஆனால் உள்ளே இறுக்கமும் கூடும், விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பும். தடுக்கும் விசையைக் குறைத்தால் இறுக்கம் கூடாமலே நகர்வு வரும். நீங்கள் இதுவரை செய்துவந்தது முதல் வகை. இது நல்லது, நான் கற்றுக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் செய்கிறார்களே என்று உங்களை நீங்களே தள்ளிவந்திருக்கிறீர்கள். அறிவு ஏற்றுக்கொண்டும் மனம் மறுப்பதற்குக் காரணம், அறிவு தள்ளும் பக்கத்தில் மட்டுமே வேலை செய்கிறது. தடுக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது விசாரித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பது சோம்பலோ அச்சமோ என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அங்கே இருப்பது மதிப்புள்ள ஒன்றைக் காப்பாற்றும் முயற்சி. உங்கள் விஷயத்தில், உறுப்பினர்களை ஆளாக அறிந்து கணக்கு வைத்த ஒரு மரபை நீங்கள் காத்து நிற்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலையில் எழுதுகிற அந்த நோட்டைப் பழக்கத்தின் மிச்சமாக நான் பார்க்கவில்லை. மென்பொருளில் இடமில்லாத ஏதோ ஒன்றுக்கு அது இடம் கொடுக்கிறது. ஒருநாள் அதை நிதானமாகப் புரட்டி, அதில் உள்ளவற்றுள் எவை திரையிலும் இருக்கின்றன, எவை நோட்டில் மட்டுமே இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டாவது வகையில் இருப்பதுதான் உங்கள் மனம் விட்டுக்கொடுக்க மறுப்பது.

இனி, மாற்றத்துக்கு எதிர்ப்பு என்ற பொருளில் மிகப் பெயர்பெற்ற ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா தைக்கும் ஆலை இருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலைமுறை மாறும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி வீழ்ந்து, பலர் வேலையை விட்டுப் போனார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரும் அங்கே செய்த சோதனையை 1948இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு மாற்றத்தைக் காரணங்களோடு அறிவித்து மட்டும் விட்டார்கள். இன்னொரு குழுவில், தொழிலாளர்களின் பிரதிநிதிகள் புதிய முறையை வடிவமைப்பதில் பங்கேற்றார்கள். வேறு இரு குழுக்களில் அனைவருமே பங்கேற்றார்கள். மணிக்கு 60 அலகு என்பது அங்கே இயல்பான அளவு. அறிவிப்பு மட்டும் கேட்ட குழு 50 அலகு அளவிலேயே தேங்கி நின்றது. முதல் 40 நாள்களில் அக்குழுவில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். அனைவரும் பங்கேற்ற குழுக்கள் விரைவிலேயே பழைய அளவை மீட்டு, அதைவிட ஏறத்தாழ 14 சதவீதம் மேலே போயின. அவற்றிலிருந்து ஒருவரும் விலகவில்லை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது பின்னர் நடந்தது. தேங்கி நின்ற குழுவில் எஞ்சியிருந்தவர்களைப் பின்னொரு மாற்றத்தின்போது முழுப் பங்கேற்போடு வேலை செய்யவைத்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே விரைந்து மேலேறினார்கள். ஆக, எதிர்ப்பு அந்தப் பெண்களின் குணத்தில் இருந்த குறை அல்ல என்பது தெளிவாயிற்று.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்வது முறை. நார்வே நாட்டில் ஒரு காலணி ஆலையில் இதே சோதனையைச் செய்து 1960இல் வெளியிட்டபோது இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. தொழிலாளர்கள் முடிவெடுத்த விஷயங்கள் அவர்களுடைய வேலைக்கு அத்தனை முக்கியமானவையாக இருக்கவில்லை. அப்படிப் பங்கேற்பதைத் தங்களுக்கு உரியதாக அவர்கள் கருதுகிறார்களா என்பதும் பலனைத் தீர்மானித்தது. பெயருக்குக் கருத்துக் கேட்பதால் பயன் இல்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். வேலையில் ஈடுபாடு என்பதை முறைப்படி ஆராய்ந்தவர்களில் முன்னோடி வில்லியம் கான். கோடை முகாம் ஒன்றின் ஊழியர்களையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தினரையும் கவனித்து 1990இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஒருவர் தம்மை முழுமையாக வேலைக்குக் கொடுப்பதற்கு முன், தம்மையும் அறியாமல் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். இதில் என்னைக் கொடுப்பதால் பொருள் உண்டா? கொடுத்தால் எனக்குத் தீங்கு நேராமல் இருக்குமா? கொடுப்பதற்கு என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா? மூன்றில் எது இல்லாமல் போனாலும் உடம்பு நாற்காலியில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். உங்களுக்கு இரண்டாவது இருப்பதாகவே தெரிகிறது, முதலாவது உடைந்திருக்கிறது, மூன்றாவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

முதலாவதைச் சீர்படுத்த ஒருவர் தாமே செய்யக்கூடியவற்றை ஆமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் விளக்கினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியவர்களுள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. ஒரே வேலை, ஒரே ஊதியம்; ஆனாலும் சிலர் துடைப்பதோடு நின்றார்கள், வேறு சிலர் நோயாளியிடமும் அவரைப் பார்க்க வந்தவர்களிடமும் பேசி, செவிலியரின் வேலை ஓட்டத்தைக் கவனித்து, தாங்களும் நோய் தீர்க்கும் பணியில் இருப்பதாகவே வேலையை அமைத்துக்கொண்டார்கள். செய்கிற செயல்களை, பழகுகிற மனிதர்களை, வேலையைப் பற்றிய எண்ணத்தை என்று மூன்றையும் ஒருவர் ஓரளவு தாமே மாற்றியமைத்துக்கொள்ள முடிகிறது. உங்களுக்கு இதற்கான வாய்ப்பு கண்முன்னே இருக்கிறது. பழைய பேரேட்டிலிருந்து மென்பொருளுக்குப் போன பதிவுகளில், ஒரே பெயர்க்காரர்களின் கணக்குகள் கலந்துபோகாமல் விளைப்பெயர், வாரிசு விவரம் இவற்றோடு சரிபார்க்கும் வேலை எந்தச் சங்கத்திலும் ஓரிரு மாதங்களில் முடிகிற ஒன்றல்ல. மலையாளப் பத்திரங்களின் சாரத்தைத் தமிழில் எழுதிக் கோப்பில் சேர்ப்பதும் அப்படியே. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும் என்பதுகூட அறியாத தலைமுறை வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. உங்கள் அறிவை உங்களோடு ஓய்வு பெறவிடாமல் சங்கத்தின் சொத்தாக மாற்றுகிற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. மனம் இன்னும் முரண்டு பிடிக்கிறதே என்று உங்கள் மீது நீங்களே சலித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முந்திரி ஆலைத் தொழிலாளி, கருங்கல் எழுதியது:

ஐயா சொன்னதையும் தோட்டத்து அண்ணன் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பதிலிலும் பாரம் முழுவதும் அக்காவின் தலையில்தான் ஏறுகிறது. மாற வேண்டியவரும் அவர், தடையைத் தேட வேண்டியவரும் அவர், வேலையைக் கேட்டு வாங்க வேண்டியவரும் அவர். சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை.

நான் வேலை செய்கிற அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பின் தோலுரிக்க இயந்திரம் வந்தபோது, உரித்துக்கொண்டிருந்த பெண்களைத் தரம்பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். 180, 240, 320 என்று எண் போட்டுப் பருப்பைப் பிரிப்பது வேலை. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கப் பழக வேண்டும். கூலியோ கிலோ கணக்கில். புதிதாகப் பழகுகிறவருக்குக் கை ஓடாது. கை ஓடாவிட்டால் கூலி இறங்கும். பழைய வேலையிலேயே இருப்போம் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். புதியதைக் கற்க மனமில்லாதவர்கள் என்று எங்களைச் சொன்னார்கள். வீட்டில் அரிசி வாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்தவளுக்கு அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. பழகும் காலத்துக்கு முந்தைய கூலியைக் குறையாமல் தர வேண்டும் என்று கூடிப் பேசிக் கேட்டோம். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. அதன் பிறகு, கற்க மனமில்லாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களே மற்றவர்களைவிட வேகமாகத் தரம்பிரிக்கிறார்கள்.

ஆகவே எதிர்ப்பு எல்லாமே மனதுக்குள் இருக்கிற ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில எதிர்ப்பு, மாற்றத்தை ஏற்பாடு செய்தவர்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது. அக்கா, உங்களிடம் இரண்டு கேட்க விரும்புகிறேன். ஐயா சொன்ன மூன்றாவது கேள்விக்கு உங்கள் பதில் என்ன? பகல் முழுவதும் அலுவலகம், மாலையில் யாரும் கேட்காத ஒரு நோட்டு, அதற்குப் பிறகு வீட்டு வேலை என்றால், மனம் சலிப்பதற்கு முன்பே உடம்பு சலித்திருக்கும். அடுத்தது, பத்திரம் படிக்கிற வேலையையும் பெயர் சரிபார்க்கிற வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால், செயலாளர் கையெழுத்தோடு அலுவலக ஆணையாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்று நாளில் நேரமும் ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அறிந்தவள்தானே, செய்து கொடுப்பாள் என்று இருக்கிற வேலைக்கு மேல் இதுவும் சேரும். பெண்களுடைய அறிவு பல இடங்களில் இப்படித்தான் கூலியும் பெயரும் இல்லாமல் உழைக்கிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், வடசேரி எழுதியது:

கருங்கல் சகோதரி சொன்னது மிகவும் நியாயமானது. என் பதிலில் அந்தப் பக்கம் குறைவாகத்தான் இருந்தது. ஹார்வுட் ஆலையைப் பற்றி ஒரு விவரத்தை மட்டும் சேர்க்கிறேன். அங்கே வேலை மாறுபவர்களுக்குக் கூலி குறையாதிருக்கச் சிறப்புத் தொகை கொடுக்கும் வழக்கம் சோதனைக்கு முன்பே இருந்தது. இருந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை என்பதால்தான் அந்தச் சோதனையைச் செய்தார்கள். கூலிப் பாதுகாப்பு இல்லாமல் மாற்றத்தைப் பேசக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது கிடைத்த பிறகும், வேலையில் தமக்கு ஒரு சொல் இருக்கிறது என்ற நிலை வராமல் ஈடுபாடு வராது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்குளத்துச் சகோதரியின் ஊதியம் குறையவில்லை; ஆனாலும் அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கல்குளத்து எழுத்தர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி அந்த நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். தொகைகள் எல்லாம் திரையிலும் இருக்கின்றன. ஓரத்தில் நான் எழுதி வைத்திருந்தவைதான் வேறெங்கும் இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியதும் கட்டுவதாகச் சொன்னவர், நகையை மீட்கத் தாயோடு வந்த பெண், இரு சகோதரர்களுக்குள் பாகம் பிரியாத விளை, இப்படிப்பட்ட குறிப்புகள். எதைக் காத்து நிற்கிறேன் என்று இப்போது எனக்கே விளங்குகிறது.

கருங்கல் சகோதரி கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். தெம்பு குறைவாகத்தான் இருக்கிறது. வீட்டில் வயதான மாமியாரைக் கவனிக்கும் பொறுப்பும் எனக்கே. மாலையில் முழுக் கணக்கையும் மீண்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஓரக்குறிப்பை மட்டும் அலுவலக நேரத்துக்குள்ளேயே ஒரு பதிவேட்டில் எழுதலாம் என்று எண்ணுகிறேன். உறுப்பினர்களின் சொந்த விவரங்கள் என்பதால் அது வீட்டுக்கு வரும் நோட்டாக இருப்பதும் சரியல்ல. சங்கத்தின் பூட்டுக்குள் இருக்க வேண்டியது.

கும்பப்பூக் கடனுக்குக் கூட்டம் வரத் தொடங்கும் முன் செயலாளரைச் சந்திக்கப் போகிறேன். ஒரே பெயர்க் கணக்குகளைச் சரிபார்ப்பதையும் மலையாளப் பத்திரங்களுக்குத் தமிழில் சாரம் எழுதுவதையும் என் பொறுப்பாக ஆக்கி, வாரத்தில் குறிப்பிட்ட முற்பகல்களை அதற்கென்று ஒதுக்கித் தரும்படி எழுத்து மூலமாகவே கேட்பேன். கிடைக்குமா என்பது தெரியாது. எதைக் கேட்க வேண்டும் என்பதாவது இப்போது தெரிகிறது.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. பதிவிடும் இளைஞர் நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். நான் பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினால், அவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. தோட்டத்து அண்ணன் பயிற்சி கொடுக்கிறவர் என்பதால் கேட்கிறேன். மூத்தவர்களையும் இளையவர்களையும் ஒன்றாக எப்படி வேலை செய்ய வைக்கிறீர்கள்?

குலசேகரம் தோட்டப் பயிற்சியாளர் எழுதியது:

நல்ல கேள்வி, அக்கா. அவர் முடித்துவைத்ததை நீங்கள் பிறகு திருத்துவதாக வேலையை அமைக்காதீர்கள். அப்படி அமைத்தால் எவ்வளவு இதமாகச் சொன்னாலும் குறை சொல்வதாகத்தான் படும். பதிவிடும் முன்பே இருவரும் சேர்ந்து உட்காருங்கள். நீங்கள் பத்திரத்தைப் படித்து விளைப்பெயரும் வாரிசும் சொல்ல, அவர் பதியட்டும். சில நாள் கழித்து மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் அருகில் இருந்து சொல்லிக் கொடுக்க, நீங்கள் பதியுங்கள். எங்கள் தோட்டங்களில் மூத்தவர் வெட்டக் கற்றுத் தருவார், இளையவர் ஊக்கி கலக்கும் அளவையும் கைப்பேசியில் கணக்குப் பதிவதையும் சொல்லித் தருவார். இருவரிடமும் மற்றவருக்குத் தேவைப்படுகிற ஒன்று இருக்கும்போது மனத்தாங்கல் வருவது குறைவு.

அந்தத் தம்பிக்கு விருப்பமிருந்தால் மலையாள எழுத்தையும் கற்றுக் கொடுங்கள். முதலில் எண்களையும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்களையும் சொல்லிக் கொடுத்தால் போதும்; பத்திரத்தின் தலைப்பகுதியை அவரே படித்துவிடுவார். எந்தப் பத்திரக் கட்டிலிருந்து தொடங்குவது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.